பணம் கட்டிய கார் யாருடையது? தனி இறக்குமதியாளர்கள் பற்றிய கேள்வி பதில்

நொடித்துப்போன நிறுவனங்களின் கணக்குகளைச் சீர்செய்து கலைப்பாளரிடம் (நிறுவனத்தை மூடி, அதன் சொத்தைக் கடன் கொடுத்தோருக்குப் பங்கிட நியமிக்கப்படுபவரிடம்) ஒப்படைப்பது பல ஆண்டுகளாக என் தொழில். அவற்றில் கார் இறக்குமதி நிறுவனங்களும் இருந்தன. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இப்பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: தனி இறக்குமதியாளரிடம் விலை குறைவாக இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் இல்லாத ஆபத்து இங்கே என்ன?

முகவரும் நொடித்துப்போகலாம். ஆனால் அவருக்குப் பின்னால் தயாரிப்பாளர் இருக்கிறார். தன் பெயர் கெடாமலிருக்க வேறொருவரை நியமிக்கும் அக்கறை அவருக்கு உண்டு. தனி இறக்குமதியாளருக்குப் பின்னால் யாரும் இல்லை. அவர் ஜப்பானிய ஏலத்திலோ வேறு சந்தையிலோ அந்நியச் செலாவணியில் வாங்குகிறார். உங்களுக்கு உள்ளூர்ப் பணத்தில் விலை சொல்லிவிடுகிறார். கார் வந்துசேரும் வாரங்களுக்குள் நாணய மதிப்பு சரிந்தாலோ வரி உயர்ந்தாலோ அவருடைய மெல்லிய இலாபம் கரைந்துவிடும். அப்போதுதான் பின்னால் வந்தவரின் முன்பணத்தில் முன்னால் வந்தவரின் காருக்குப் பணம் செலுத்தத் தொடங்குகிறார். பெரும்பாலும் ஒரு வாரச் சமாளிப்பாகவே இது தொடங்கும். மோசடி எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த நாள்முதல் உங்கள் பணம் உங்கள் காரில் இல்லை.

கேள்வி: முழுப் பணமும் கட்டிவிட்டேன். கார் அவருடைய முற்றத்தில் நிற்கிறது. தொட்டுப் பார்த்தும் விட்டேன். நிறுவனம் மூடினாலும் அது என்னுடையதுதானே?

இதற்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பணம் கட்டியதும் உடைமை மாறியதும் ஒன்றல்ல. முதலில், 'இந்தக் கார்தான்' என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 1975இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒரு மது வணிக நிறுவனத்தின் வழக்கைத் தீர்த்தது. வாடிக்கையாளர்கள் கையில் உரிமைச் சான்றிதழ் இருந்தது. கிடங்கில் அவரவர் புட்டிகள் பிரித்து வைக்கப்படவில்லை. ஆகவே உரிமை மாறவில்லை என்றது தீர்ப்பு. 1988இல் சரிந்த நியூசிலாந்துத் தங்க வணிக நிறுவனமான கோல்டுகார்ப்பின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருக்கு அந்நாட்டின் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் 1994இல் சொன்னதும் இதே நியாயந்தான். காருக்கு இதன் பொருள், ஒப்பந்தத்தில் மாடலும் நிறமும் மட்டும் இருந்தால் போதாது, காரின் உடற்சட்டத்தில் பொறித்த அடையாள எண்ணான சேசிஸ் எண் இருக்க வேண்டும் என்பதே.

எண் இருந்தாலும், உங்களுக்கு முந்திய உரிமை வேறொருவருக்கு இருக்கலாம். முற்றத்துக் கார்களை ஈடுகாட்டி வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ கடன் வாங்குவது இத்தொழிலில் அன்றாட வழக்கம். வழமையான வணிகத்தில் நேர்மையாக வாங்கியவரைச் சில நாடுகளின் சட்டம் காக்கிறது; ஆனால் கார் இன்னும் கைமாறாத நிலையில் அந்தப் பாதுகாப்பு ஐயத்துக்குரியதாகிவிடலாம். நான் கணக்கெடுத்த ஒரு முற்றத்தில் ஒரே கார் இரண்டு பேருக்கு விற்கப்பட்டிருந்தது; அதே சேசிஸ் எண் கடன் கொடுத்தவரின் பதிவேட்டிலும் இருந்தது. அந்த இருவரும் அதைத் தொட்டுப் பார்த்தவர்கள்தாம்.

கேள்வி: முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

கலைப்புச் செலவும் ஈடுபெற்ற கடன்களும் தீர்ந்தபின் மிஞ்சுவதில், ஈடு எதுவும் பெறாமல் கடன் கொடுத்தவர்களுள் ஒருவராக உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. மிஞ்சுவது பெரும்பாலும் சொற்பம்.

கேள்வி: கப்பல் சரக்குச் சீட்டின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருக்கிறார். நம்பலாமா? சேசிஸ் எண்ணில் 17 எழுத்துகளும் இல்லையே!

இரண்டாவது அச்சம் தேவையற்றது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த கார்களில் 17 இலக்க எண் இருக்காது. குறுகிய சேசிஸ் எண்ணே இருக்கும். முதலாவது அச்சம் நியாயமானது. சரக்குச் சீட்டு என்பது சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம். அதன் மூலப்படிகள் வழக்கமாக மூன்று அச்சிடப்படும். அவற்றுள் ஒன்றை ஒப்படைப்பவருக்கே கப்பல் நிறுவனம் சரக்கை விடுவிக்கும். படம் எதையும் விடுவிக்காது. மூலப்படி இறக்குமதியாளரிடம் இருக்கிறதா, அவருக்காகக் கடனுறுதிக் கடிதம் (விற்பவருக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) திறந்த வங்கியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வங்கியிடம் என்றால், அவர் வங்கிக்குக் கட்டும்வரை உங்கள் கார் துறைமுகத்தைவிட்டு நகராது.

கேள்வி: ஜப்பான் காரின் வானொலியில் நம் அலைவரிசைகள் வரவில்லை. என்ன செய்வது?

அங்கே பண்பலை 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரை; அதற்கு மேலுள்ள நம் அலைவரிசைகளை அந்த வானொலி பிடிக்காது. மேற்கொண்டு கார் ஆடியோ பொருத்துபவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் ஒரு சிறு இறக்குமதியாளன். உங்கள் பேச்சைக் கேட்டு எல்லோரும் முன்பணத்தை நிறுத்தினால், நன்றாக நடக்கும் நிறுவனமும் விழும். நோயை நீங்களே பரப்புகிறீர்கள்.

உங்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் மருந்தும் உங்கள் கையில்தான் இருக்கிறது. 1972இல் கேஃபோர்ட் என்ற ஆங்கிலேய அஞ்சல்வழி விற்பனை நிறுவனம் தள்ளாடியபோது, வாடிக்கையாளர் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவைத்தது. நிறுவனம் கலைக்கப்பட்டபோது, அது நம்பிக்கைப் பொறுப்பில் வைத்த பணம், வாடிக்கையாளருக்கே உரியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை நீங்களும் செய்யலாமே.

அதே இறக்குமதியாளர்: அது ஏட்டுச் சுரைக்காய். முன்பணந்தான் எங்கள் தொழிலை அன்றாடம் ஓட்டும் முதல். அதைப் பூட்டிவைத்தால் ஏலத்தில் எதைக்கொண்டு வாங்குவது?

நான் நாலு பத்தியில் சொன்னதை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் உங்கள் வாடிக்கையாளர் வட்டியும் ஈடும் இல்லாமல் உங்களுக்குக் கடன் கொடுக்கிறார். கொடுக்கட்டும், ஆனால் அதைத் தெரிந்து கொடுக்கட்டும். உங்கள் ரசீதில் 'கடன்' என்று எழுதுவீர்களா?

அதே இறக்குமதியாளர்: எழுத மாட்டேன். ஆனால் ஏலத்தில் எடுத்ததும் சேசிஸ் எண்ணோடு ஏலத் தாளைக் காட்டி ஒரு பங்கும், மூல ஆவணங்கள் வந்ததும் மீதியும் வாங்குகிறேன். இது போதாதா?

போதும் என்று சொல்லமாட்டேன். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றைவிட மேல். 'முன்பணமே தராதீர்கள்' என்ற தொனி என் பதில்களில் வந்திருந்தால் திருத்திக்கொள்கிறேன். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் எதிரே, காரை நோக்கி ஒரு படி நகர்ந்ததைக் காட்டும் தாள் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. முழுப் பணத்தையும் முதல் நாளே கேட்டுத் தள்ளுபடி தருபவரிடமிருந்து உங்களை வேறுபடுத்துவதும் அதுவே.

கேள்வி: தள்ளாட்டத்தின் அறிகுறிகள் எவை?

மேலே சொன்ன தள்ளுபடி ஒன்று. தாமதத்துக்கு ஒவ்வொரு முறையும் புதுக் காரணம் வருவது இன்னொன்று. கப்பல் தாமதம் என்றால் கப்பலின் பெயரையும் பயண எண்ணையும் கேளுங்கள், பெயர் வருகிறதா என்று பாருங்கள். நிறுவனக் கணக்கை விட்டு வேறொரு கணக்கில் செலுத்தச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பளபளக்கும் காட்சியறை எதற்கும் சான்றல்ல, அதுவும் வாடகைதான்.

கேள்வி: கடன் அட்டையில் கட்டினால் பாதுகாப்பா?

வங்கிப் பரிமாற்றத்தைவிட மேல். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, குறித்த விலை வரம்புக்குள், அட்டை நிறுவனத்தையும் விற்பவரோடு சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. மற்ற இடங்களில் அட்டை நிறுவனத்தின் விதிகளே துணை. அவற்றுக்குக் காலக்கெடு உண்டு.

கேள்வி: நான் கட்டிய முன்பணம் கிடைக்குமா?

மூன்றாம் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: ஐந்தாண்டு உத்தரவாதம் தந்திருக்கிறாரே?

தந்தவர் போனால் அதுவும் போகும். காப்பீட்டு நிறுவனம் ஏற்ற உத்தரவாதமா என்று பாருங்கள். டக்காட்டா நிறுவனத்தின் குறைபாடுள்ள காற்றுப்பை போன்றவற்றுக்காக வரும் திரும்பப்பெறும் அறிவிப்புகளுக்கு உள்ளூர் முகவரின் பட்டியலில் உங்கள் கார் இல்லாமலிருக்கலாம். சேசிஸ் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரிடமே சரிபாருங்கள்.

கேள்வி: முன்பணம் மட்டும் கட்டியிருக்கிறேன், முழுத் தொகை அல்ல. எனக்கும் அதே நிலைதானா?

மூன்றாம் பதிலேதான். இந்தக் கேள்விக்கு இனி மறுமொழி இல்லை.

கேள்வி: நேற்று நிறுவனம் மூடப்பட்டது. என் கார் துறைமுகத்தில் நிற்கிறது.

மூலச் சரக்குச் சீட்டு யாரிடம் என்பதை இன்றே கண்டறியுங்கள். துறைமுகக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். கலைப்பாளர் நியமிக்கப்பட்டிருந்தால் ஒப்பந்தம், ரசீது, வங்கிப் பதிவு ஆகியவற்றோடு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். காரையே கோருகிறீர்களா, பணத்தையா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஊழியர் எவரேனும் சாவியையோ ஆவணங்களையோ இரகசியமாகத் தர முன்வந்தால் வாங்காதீர்கள். கலைப்பாளர் திரும்பக் கேட்பார், குற்ற வழக்கும் வரலாம். கோரிக்கையில் எழுதும் சேசிஸ் எண்ணை, துறைமுகம் அனுமதித்தால், காரிலேயே பார்த்து எழுதுங்கள். ரசீதில் வேறு எண் இருந்ததை நான் மூன்று முறை கண்டிருக்கிறேன்.