திருச்சி – யாழ்ப்பாணம் விமானத் தூரம் எவ்வளவு? தூரக் கணக்கில் 22 நிமிடம், டிக்கெட்டில் ஒரு மணி நேரம்: எது சரி?

நேர்கோட்டில் சுமார் 184 கிலோமீட்டர். வேடிக்கை என்னவென்றால், திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கும் ஏறத்தாழ இதே தூரம்தான். நம்பாமல் வரைபடத்தில் இரண்டு தடவை கோடு போட்டுப் பார்த்தேன். சென்னை இதைவிட நூறு கிலோமீட்டர் அதிகம்.

நேரத்துக்கு வருவோம். அந்த 22 நிமிடம் வெறும் வகுத்தல் கணக்கு: தூரம் காட்டும் இணையதளங்களில் 184 கிலோமீட்டரை மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். இந்த வழித்தடத்தில் இண்டிகோ 2025 மார்ச் 30 அன்று சேவையைத் தொடங்கியது. பறப்பது ஏடிஆர் 72 என்ற, இறக்கையில் விசிறி சுழலும் விமானம். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியில் ஓடுபாதை குட்டை, பெரிய ஜெட் சுலபமாக இறங்க முடியாது. ஏடிஆரின் உச்ச வேகமே மணிக்கு 500 சொச்சம்தான். இவ்வளவு சின்ன தூரத்தில் அந்த வேகத்தைப் பிடித்துச் சற்று நேரம் போவதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். தேருக்கு வடம் பிடிக்கிற நேரத்தில் பாதி வீதி முடிந்த கதை.

டிக்கெட்டில் இருப்பது வேறு கணக்கு. சக்கரத்து முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பிப்பதிலிருந்து, அந்தப் பக்கம் போய் நிற்கும் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, அனுமதிக்குக் காத்திருப்பது, காற்றுப் பார்த்து வளைந்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். நான் போனபோது தரையை விட்டதிலிருந்து தொட்டது வரை என் கடிகாரத்தில் 38 நிமிடம். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

அந்த நேர்கோட்டில் பாதி தரை, பாதி கடல். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே அதிராம்பட்டினம் பக்கம் கரை முடிந்து பாக் நீரிணை வந்துவிடும். போகும்போது இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். ஏடிஆருக்கு இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பு இல்லை. வானம் தெளிவாக இருந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு பச்சைத் திட்டாகத் தெரியும். தலைக்கு மேலே பெட்டி வைக்கும் இடம் மட்டும் ரொம்பச் சின்னது. நான் கொண்டுபோன பெட்டி உள்ளே போகவே மாட்டேன் என்றது.

ஆனால் பயணத் திட்டம் போடுகிறவர் இந்த ஒரு மணி நேரத்தை நம்பிப் போடாதீர்கள். தூரம் கோவை அளவு என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும், பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான இணையவழி அனுமதியும் வேண்டும், குடிவரவு வரிசை இரண்டு பக்கமும் உண்டு. பலாலியிலிருந்து யாழ் நகரத்துக்கு இன்னும் 16 கிலோமீட்டர் போல. காலை ஒன்பதரைக்குத் தில்லைநகரில் வீட்டைப் பூட்டினேன், நல்லூரில் நண்பன் வீட்டு வாசலில் இறங்கியது மூன்றே முக்காலுக்கு. ஆறேகால் மணி நேரம். ஆனாலும் கொழும்பு சுற்றி வந்தால் இறங்கியபின் ரயிலிலோ பஸ்ஸிலோ கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் வடக்கே வர வேண்டும் என்பதால் எனக்கு இது லாபம்தான்.

நண்பனின் அப்பா தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே, "தம்பி, எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். கடலைப் பார்த்துக் கையைக் காட்டினார்: "நாகப்பட்டினத்திலயிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் நாலு மணித்தியாலம்."