அம்மா எதையும் தூக்கிப் போட விடுவதில்லை

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. அப்பா இறந்தபின் மதுரையில் தனியாக இருக்கிறார். பால் கவர், பழைய பேப்பர், காலி பாட்டில், கல்யாணப் பத்திரிகை, தாம்பூலப் பை என்று எல்லாம் குவிந்து, கட்டிலில் படுக்க இடமில்லாமல் ஹாலில் ஒரு ஓரமாகப் படுக்கிறார். போன போகியன்று அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், நானும் தம்பியும் ஒரு வண்டிச் சாமானைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். இரண்டு நாள் அம்மா சாப்பிடவில்லை. இப்போது முன்பைவிட அதிகமாகச் சேர்க்கிறார். இது கஞ்சத்தனமா, பிடிவாதமா?
– ஒரு மகள், சென்னை

பதில்: இரண்டும் இல்லை, சகோதரி. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கட்டில்தான். பரணில் பித்தளைப் பாத்திரமும் கதவுக்குப் பின்னால் மடித்து வைத்த மஞ்சள் பைகளும் இல்லாத வீடு நம் ஊரில் குறைவு. தட்டுப்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு அது சிக்கனம். ஆனால் படுக்கவே இடமில்லாமல் போன பிறகும் ஒரு பால் கவரைக்கூட விட முடியவில்லை என்றால், அது நோயாக இருக்கலாம். பல காலம் இதை ஓசிடியின், அதாவது வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோயின், ஒரு பகுதியாகத்தான் நினைத்தார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாக வகைப்படுத்தியது.

காலி பாட்டிலைப் பார்த்ததும் நாம் ‘வேண்டாம்’ என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அம்மாவுக்கு அப்படி வராது. ஊறுகாய் போட உதவுமே, யாருக்காவது கொடுக்கலாமே, இது அவர் வாங்கி வந்ததாயிற்றே, நாளைக்கே தேவைப்பட்டால்? எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிச் சேர்ப்பவர்களிடம் அவர்களுடைய காகிதங்களை வைத்துக்கொள்வதா, கிழிப்பதா என்று கேட்டு, மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். முடிவெடுப்பதோடு தொடர்புள்ள பகுதிகள் அளவுக்கு மீறி வேலை செய்தன. அடுத்தவர் காகிதம் என்றபோது அப்படி இல்லை. உங்களுக்குக் குப்பையாகத் தெரிவது அவருக்கு முடிக்க முடியாத நூறு முடிவுகள்.

அதனால்தான் போகியன்று நடந்தது அவரை அப்படி உலுக்கிவிட்டது. நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், தெரிகிறது. ஆனாலும் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள், ‘இனி உங்களைக் கேட்காமல் எதையும் தொட மாட்டோம்’ என்று சொல்லுங்கள். அப்படியே நடந்துகொள்ளுங்கள். அவர் முன்னால் ‘குப்பை’ என்ற வார்த்தையே வேண்டாம்.

அப்புறம், ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் பேப்பர் கட்டு இருந்தால் முதலில் அது; தீ பயம் காத்திருக்காது. அடுத்தது கட்டில். ஒரு தடவைக்கு ஒரு பை அளவு போதும். எது போகலாம் என்று அம்மாதான் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டிலின் கதையைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: அப்பா இருந்தபோதே இந்தப் பழக்கம் இருந்ததா? பெரும்பாலும் இது இளம் வயதிலேயே தொடங்கி, வயது ஏற ஏற முற்றும். சமீபத்தில்தான் புதிதாக வந்தது என்றால், மறதி நோயின் தொடக்கமா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். மனச்சோர்வும் கூடவே இருக்கலாம். இதற்கென்று பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பலன் தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். அம்மா வர மறுத்தால், முதலில் நீங்கள் மட்டும் 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.