2026-ல் தொலைக்காட்சித் துறை எப்படி மாறும்?

2025 முடியும் இந்த நேரத்தில், அடுத்த ஆண்டு டிவி உலகில் என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சப்டைட்டிலும் டப்பிங் வசனமும் எழுதுவதுதான் என் தொழில், அதனால் இந்தத் துறையில் நடக்கும் எந்த மாற்றமும் சில மாதங்களில் என் மேசைக்கு வந்துவிடும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் கணிப்பு இதுதான்: டிவியைப் போட்டதும் முதலில் வந்து நிற்கும் பக்கம் யாருடையதோ, 2026 அவர்கள் கையில். நல்ல தொடர் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி. அந்த முதல் பக்கத்துக்கான சண்டையில் அடிபடப் போவது தொடர்களை எழுதி, எடுத்து, வெட்டி, ஒட்டித் தருகிறவர்கள். எனக்குக் கவலை அதுதான்.

2025 மே மாதம் ஒரு கோடு தாண்டப்பட்டது. அமெரிக்காவில் மக்கள் டிவி பார்க்கும் மொத்த நேரத்தில் 44.8 சதவீதம் ஸ்ட்ரீமிங்குக்கு, அதாவது இணையம் வழியாகப் பார்ப்பதற்கு, போனதாகப் பார்வை நேரத்தை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குச் சொன்னது. கேபிள் 24.1, சாதாரண ஒளிபரப்பு 20.1, இரண்டையும் கூட்டினாலும் 44.2 தான். இப்படி நடந்தது அதுவே முதல் முறை. சரி, அந்த ஸ்ட்ரீமிங்குக்குள் யார் பெரியவர் என்று பார்த்தால் பலரும் நினைப்பதுபோல நெட்ஃபிளிக்ஸ் இல்லை. மொத்த டிவி நேரத்தில் யூடியூபுக்கு 12.5 சதவீதம், நெட்ஃபிளிக்ஸுக்கு 7.5. அமெரிக்காவில் யூடியூப் பார்க்கப்படும் நேரத்தில் கைபேசியை டிவி முந்திவிட்டது என்று அதன் தலைவர் நீல் மோகன் 2025 தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். இப்போது 2029 முதல் ஆஸ்கர் விழாவே யூடியூபுக்குப் போகிறது.

இதன் விளைவு 2026-ல் முதலில் பேச்சு நிகழ்ச்சிகளில் தெரியும் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் சிபிஎஸ் சேனல் தன் பின்னிரவுப் பேச்சு நிகழ்ச்சியை 2026 மே மாதத்தோடு மொத்தமாக நிறுத்துகிறது, காரணம் பணம் என்று சொல்லியிருக்கிறது. அதே நேரத்தில் நெட்ஃபிளிக்ஸ், பாட்டும் பாட்காஸ்ட்டும் தரும் ஸ்பாட்டிஃபை செயலியோடு ஒப்பந்தம் போட்டு வீடியோ பாட்காஸ்ட்களைக் கொண்டுவருகிறது. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசுவதைப் பெரிய அரங்கம், இசைக்குழு, நூற்றுக்கணக்கான ஊழியர்கள் இல்லாமலேயே எடுக்க முடியும், மக்களும் அதை டிவியிலேயே பார்க்கிறார்கள் என்றால் எந்த முதலாளி பழைய செலவைத் தாங்குவார்? அடுத்த ஆண்டு இறுதிக்குள் இன்னும் ஒரு பெரிய பின்னிரவு நிகழ்ச்சியாவது முடிவை அறிவிக்கும் அல்லது பாதியாகச் சுருங்கும்.

அப்புறம் சேனல்களும் செயலிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைவது. பிரான்சின் பெரிய தனியார் சேனலான டிஎஃப்1, 2026 கோடையிலிருந்து தன் சேனல்களை நெட்ஃபிளிக்ஸுக்குள்ளேயே நேரலையாகத் தரப்போகிறது. பிரான்சின் பொது ஒளிபரப்பு நிறுவனம் அமேசானோடு இதே போன்ற ஏற்பாடு செய்துகொண்டது. வேறு சில நாடுகளின் தேசிய சேனல்களும் அடுத்த ஆண்டு இதே வழியில் போகும் என்று உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் இளைய பார்வையாளர்கள் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் போய் நிற்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் இதில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. யார் எதை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற விவரம் இனி அடுத்தவர் வீட்டில் சேரும். பத்து வருடம் கழித்து அந்தச் சேனலுக்கென்று தனியாக ஒரு முகவரி இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த முதல் பக்கத்துக்கு இன்னொரு சொந்தக்காரர் இருக்கிறார், அவரைப் பற்றிப் பலர் பேசுவதில்லை: டிவிப் பெட்டியைச் செய்கிறவர். வால்மார்ட் 2024-ல் விசியோ நிறுவனத்தை 230 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஒரு சில்லறை வியாபாரக் கம்பெனிக்கு டிவி தயாரிப்பாளர் எதற்கு? அந்தத் திரையில் விளம்பரம் காட்டலாம், விளம்பரம் பார்த்தவர் கடையில் என்ன வாங்கினார் என்றும் பொருத்திப் பார்க்கலாம், அதற்குத்தான். பல ஸ்மார்ட் டிவிகளில் திரையில் ஓடுவது என்ன என்று தானாகவே கண்டுபிடித்துக் கம்பெனிக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. இதற்காக 2025 டிசம்பரில் டெக்சாஸ் மாநில அரசு வழக்கறிஞர் சோனி, சாம்சங், எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஆகிய ஐந்து நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார். 2026-ல் பெட்டி விலை இன்னும் இறங்கும், முகப்பில் விளம்பரம் இன்னும் கூடும், வழக்குகளும் கூடும். உங்கள் டிவியின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் போய் அந்த வசதியை அணைத்துவிடுங்கள், அதற்காக அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது எல்லோரும் கேட்கும் வார்னர் பிரதர்ஸ் விவகாரம். 2025 டிசம்பர் 5 அன்று நெட்ஃபிளிக்ஸ், வார்னரின் ஸ்டுடியோவையும் அதன் ஸ்ட்ரீமிங் செயலியான எச்பிஓ மேக்ஸையும் கடனோடு சேர்த்து 8,270 கோடி டாலர் மதிப்பில் வாங்க ஒப்பந்தம் போட்டது. மூன்றே நாளில் இன்னொரு ஹாலிவுட் கம்பெனியான பாரமவுண்ட், சேனல்கள் உள்பட முழுக் கம்பெனியையும் 10,840 கோடி டாலர் மதிப்பில் வாங்குகிறோம் என்று நேராகப் பங்குதாரர்களிடமே போனது. இதை எழுதும் 2025 டிசம்பரில் இழுபறி முடியவில்லை. யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்ட நான் தயாராக இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விஷயம். ஒன்று, பார்வையாளருக்கு 2026-ல் இதனால் எதுவும் மாறாது, போட்டி ஒழுங்குமுறை அமைப்புகளின் விசாரணை அவ்வளவு சீக்கிரம் முடியாது. இரண்டு, யார் வாங்கினாலும் கடன் மலைபோல ஏறும், அந்தக் கடனை அடைக்க ஆட்குறைப்பும் கையிலிருக்கும் பழைய படங்கள், தொடர்களின் நூலகத்தைச் சுரண்டுவதும் நடக்கும். 2022-ல் வார்னரும் டிஸ்கவரியும் இணைந்தபோது என்ன ஆனது என்று நினைவிருக்கும். எடுத்து முடிக்கும் கட்டத்தில் இருந்த ஒரு முழுப் படத்தையே வரிச் சலுகைக்காகக் கிடப்பில் போட்டார்கள். வெஸ்ட்வேர்ல்ட் போன்ற தங்கள் சொந்தத் தொடரையே தங்கள் சொந்தச் செயலியிலிருந்து தூக்கினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வருடக்கணக்கில் உழைத்த ஒன்று ஒரு கணக்குப் புத்தக வரிக்காகக் காணாமல் போவதை நான் இன்னமும் ஏற்றுக்கொள்ளவில்லை. இணைப்பு எந்தப் பக்கம் முடிந்தாலும் இது திரும்ப நடக்கும் என்பதுதான் என் பயம்.

கேபிள் சேனல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கக் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் தன் கேபிள் சேனல்களை வெர்சன்ட் என்று தனிக் கம்பெனியாகப் பிரித்து 2026 ஜனவரியில் வெளியே விடுகிறது. பிரிட்டனில் எம்டிவியின் இசைச் சேனல்கள் 2025 டிசம்பர் 31-ஓடு மூடப்படுகின்றன. இப்படிப் பிரிந்து வந்தவை ஒன்றையொன்று வாங்கும், வாங்கியபின் பாதியை மூடும்.

விளம்பரமும் அப்படித்தான், திசை தெளிவாகத் தெரிகிறது. விளம்பரமே கிடையாது என்று பல வருடம் சொன்ன நெட்ஃபிளிக்ஸ் 2022 நவம்பரில் மாறியது, அமேசான் 2024 ஜனவரியில் அமெரிக்காவில் எல்லோருக்கும் விளம்பரத்தைப் போட்டுவிட்டு வேண்டாமென்றால் கூடுதலாகக் கட்டு என்றது. 2026-ல் விளம்பரமில்லாத திட்டத்தின் விலை ஏறும். விளம்பரத் திட்டத்தில் விளம்பர நேரம் கூடும். ஓடும் காட்சியை நிறுத்தி வைத்தால் திரையில் வரும் விளம்பரம் சாதாரணமாகிவிடும்.

விளையாட்டுதான் அடுத்த ஆண்டின் பெரிய கதை. ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை கால்பந்து உலகக் கோப்பை, 48 அணிகள், 104 ஆட்டங்கள். 2022-ல் 64 ஆட்டங்கள்தான் இருந்தன. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றிலும் நடப்பதால் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் பல ஆட்டங்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வரும். அதனால் முழு ஆட்டத்தை விடக் காலையில் எழுந்து பார்க்கும் பத்து நிமிடத் தொகுப்பு எங்கே கிடைக்கிறது என்பது பெரிய வியாபாரமாகும். இன்னொன்றையும் கவனியுங்கள். வெயில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் எல்லா ஆட்டத்திலும் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மூன்று நிமிடம் தண்ணீர் இடைவேளை உண்டு என்று ஃபிஃபா அறிவித்திருக்கிறது. வீரர்களின் உடல்நலத்துக்கு என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் நாற்பத்தைந்து நிமிடம் இடையே எதுவும் நுழைய முடியாத ஆட்டமாக இருந்த கால்பந்துக்குள் விளம்பரத்துக்கு ஒரு வாசல் திறக்கிறது, ஒருமுறை திறந்தால் அதை மூட மாட்டார்கள்.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது மார்ச்சில் வரும் உலக பேஸ்பால் கிளாசிக். ஜப்பானில் அதன் ஒளிபரப்பு உரிமை மொத்தமும் நெட்ஃபிளிக்ஸுக்கு. பேஸ்பாலை உயிராக நினைக்கும் ஒரு நாட்டில், பணம் கட்டாமல் எல்லா வீட்டிலும் பார்த்துவந்த ஒரு போட்டி சந்தா கட்டுகிறவருக்கு மட்டும் என்று ஆகிறது. நெட்ஃபிளிக்ஸுக்கு இது வெற்றியாகவே முடியும், ஏராளமான புதிய சந்தாதாரர்கள் வருவார்கள், அதைப் பார்த்து மற்ற நாடுகளிலும் இதையே செய்வார்கள். பிரிட்டனில் சில முக்கியப் போட்டிகளை இலவச சேனல்களில் காட்ட இடம் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்ற குரல் 2026-ல் இன்னும் சில நாடுகளில் எழும், எழ வேண்டும். தாத்தாவும் பேரனும் ஒரே ஆட்டத்தை ஒரே நேரத்தில் பார்க்கும் வழக்கத்தைச் சந்தைக்கு மட்டும் விட்டுவிட முடியாது.

கடைசியாகத் தொடர்கள். அமெரிக்காவில் 2022-ல் 599 கதைத் தொடர்கள் வந்தன என்றது எஃப்எக்ஸ் சேனலின் கணக்கு. அடுத்த ஆண்டே 516. அந்த 599 திரும்ப வராது. ஆனால் எந்த மாதிரித் தொடர் எடுப்பார்கள் என்பதில் ஒரு நல்ல திருப்பம் தெரிகிறது. நெட்ஃபிளிக்ஸின் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் நாலாவது பருவம் (சீசன்) முடிந்து அஞ்சாவது வர மூன்று வருடம் ஆனது. அதற்கு நேர் எதிராக, தி பிட் என்ற மருத்துவமனைத் தொடர் 2025 ஜனவரியில் 15 எபிசோடுகளோடு வந்து, செப்டம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது வாங்கி, சரியாக ஒரு வருடத்தில் 2026 ஜனவரியில் அடுத்த பருவத்தோடு வருகிறது. எபிசோடுக்கு 40 முதல் 50 லட்சம் டாலர்தான் செலவு, பெரும்பாலும் ஒரே அரங்கத்துக்குள் எடுக்கப்படுகிறது. வருடா வருடம் வரும், எபிசோடு அதிகம், செலவு மிதம் என்ற அந்தப் பழைய முறையை 2026-ல் எல்லோரும் நகல் எடுப்பார்கள். எனக்கு இதில் உண்மையான சந்தோஷம். எட்டு எபிசோடை எழுதிக் கொடுத்துவிட்டுப் படப்பிடிப்பைக் கண்ணாலும் பார்க்காமல் வீட்டுக்குப் போகும் இளம் எழுத்தாளர் தொழில் கற்க முடியாது. பதினைந்து, இருபது எபிசோடு ஓடும் தொடரில்தான் எழுத்தாளர், எடிட்டர், ஒலிக்காரர் என்று எல்லோரும் தேறுகிறார்கள்.

இதைக் கெடுக்கக்கூடியது செயற்கை நுண்ணறிவு. முழுத் தொடரையும் ஏஐ எடுக்கும் என்ற பேச்சை நான் அடுத்த ஆண்டுக்கு நம்பவில்லை. அது ஓரங்களிலிருந்து நுழையும். அர்ஜென்டினாவில் எடுக்கப்பட்ட எல் எட்டர்நௌட்டா தொடரில் ஒரு கட்டடம் இடிந்து விழும் காட்சியை நெட்ஃபிளிக்ஸ் ஏற்கெனவே அப்படிச் செய்துவிட்டது. டப்பிங், சப்டைட்டில், கதைச்சுருக்கம் எல்லாம் அடுத்து வரிசையில் இருக்கின்றன. அமேசான் 2025 டிசம்பரில் ஃபால்அவுட் தொடருக்கு ஏஐ கொண்டு செய்த கதைச்சுருக்கக் காணொளியில் கதையின் பழைய நினைவுக் காட்சி நடக்கும் காலத்தையே தப்பாகச் சொல்லி, ரசிகர்கள் சுட்டிக்காட்டியபின் எடுத்துவிட்டது. என் வேலையில் இது எப்படித் தெரிகிறது என்றால், முதல் வரைவை இயந்திரம் தரும், நீங்கள் திருத்தினால் போதும் என்று பாதிக் கூலி பேசுகிறார்கள். கிண்டலாகப் பேசும் பாத்திரத்தை இயந்திரம் மரியாதையாகப் பேச வைத்திருக்கும், முந்தின காட்சியில் அண்ணன் என்று அழைத்தவனை இந்தக் காட்சியில் ஐயா என்று அழைத்திருக்கும், அதையெல்லாம் அவிழ்த்துச் சரிசெய்ய முதலிலிருந்து எழுதும் நேரமே ஆகிறது. 2026-ல் இந்தக் கூலி முறை பரவும், தரம் விழும். அதைப் பார்வையாளர்கள் கவனிக்கவும் தொடங்குவார்கள்.

அதனால்தான் அடுத்த ஆண்டு காலண்டரில் நான் குறித்து வைத்திருப்பது இரண்டு தேதிகள். ஹாலிவுட் எழுத்தாளர் சங்க ஒப்பந்தம் மே 1 அன்று முடிகிறது, நடிகர் சங்க ஒப்பந்தம் ஜூன் 30 அன்று. 2023-ல் எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்த முறை வேலைநிறுத்தம் வராது என்பது என் கணிப்பு, இரண்டு பக்கமும் அந்த அடியிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை. பேச்சுவார்த்தை நீளும், ஒப்பந்தம் கையெழுத்தாகும். சென்ற முறை, ஏஐ எழுதியதற்கு எழுத்தாளர் என்ற பெயர் போடக்கூடாது என்று வாங்கினார்கள். ஏற்கெனவே மனிதர்கள் எழுதிய வசனங்களை எடுத்து இயந்திரத்தைப் பயிற்றுவித்தால் எழுதியவருக்குப் பணம் உண்டா என்பது அப்போது தீராமல் நின்றது. ஒப்பந்தம் வெளியானதும் நான் முதலில் தேடிப் படிக்கப்போவது அந்த ஒரு பிரிவைத்தான். அங்கே என்ன விலை நிர்ணயமாகிறதோ அதைக் காட்டித்தான் எங்களைப் போன்றவர்களிடமும் பேரம் பேசுவார்கள்.