யாரோ எழுதின டைரி நமக்கு எதுக்கு?

கேள்வி: எங்க அக்கா தினமும் ராத்திரி டைரி எழுதுறா. யாரும் படிக்கப்போறதில்ல, அப்புறம் எதுக்கு சார் எழுதணும்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: எழுதட்டும்மா, தடுக்காதீங்க. பாண்டிச்சேரில ஆனந்தரங்கப் பிள்ளைன்னு ஒருத்தர், பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்கு துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவர், 1736ல ஆரம்பிச்சு 1761ல சாகுற வரைக்கும் நாட்குறிப்பு எழுதிட்டே இருந்தாரு, கப்பல் வந்தது, சரக்கு வியாபாரம், யார் யாருக்குள்ள மனஸ்தாபம், கவர்னர் என்ன சொன்னாரு, நல்ல நேரம் கெட்ட நேரம்னு எல்லாமே, அதுவும் அன்னிக்கு ஊர்ல பேசின தமிழ்லயே. 1748ல வேதபுரீஸ்வரர் கோயில இடிச்சப்போ ஊர் ஜனங்க பட்ட வேதனைய அவர் எழுதினத படிச்சா இன்னைக்கும் மனசு கனக்குது. சரித்திர புத்தகத்துல யுத்தமும் தேதியும் கிடைக்கும், அந்த ஊர்ல வாழ்ந்தவங்களோட பயமும் கோபமும் இந்த மாதிரி எழுத்துலதான் கிடைக்குது, நாம அடுத்தவங்க வாழ்க்கைய இவ்ளோ ஆசையா படிக்கிறதுக்கு காரணமும் அதான்னு நினைக்கிறேன். எழுதுறவங்களுக்கோ அன்னிக்கு மனசுல இருந்தத இறக்கி வச்சாதான் தூக்கமே வரும். உங்க அக்காகிட்ட மறக்காம தேதி போடச் சொல்லுங்க, அரிசி என்ன விலைன்னும் எழுதச் சொல்லுங்க.