அணிக்கோவை தெரிந்தவளுக்கு டிடர்மினன்ட் வராதா?

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இந்த வருடம், 2024-ல், 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் சென்னைக்குப் பக்கத்தில் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறேன். பிளஸ் டூவில் கணக்கில் 93 வாங்கினேன். இங்கே முதல் டெஸ்டில் கணக்கில் 60-க்கு 14. சார் நடத்துவது காதில் விழுகிறது, மண்டையில் ஏறவில்லை. ஹாஸ்டலில் ஒருத்தி "நீ கோட்டாவா?" என்று கேட்டாள், அன்று இரவு சாப்பிடவே போகவில்லை. தீபாவளிக்கு வந்தபோது திரும்பிப் போக மனசே இல்லை. எனக்கு இந்தப் படிப்பு வராதோ? ஊர்ப்பக்கம் பி.எஸ்சி. சேர்ந்துவிடலாமா?

பதில்: வேண்டாம்மா, இப்போது எதையும் விட்டுவிட்டு வராதே. காரணம் சொல்கிறேன்.

அந்த 14 மார்க்கை எடுத்துக்கொள்வோம். கணக்கு நடத்தியே ஓய்வு பெற்றவள் நான், முதல் செமஸ்டரில் முதலில் என்ன நடத்துவார்கள் என்று தெரியும். மேட்ரிசஸ். அதாவது நீ பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடத்தில் பக்கம் பக்கமாகப் போட்ட அதே அணிகள். டிடர்மினன்ட் என்று சார் சொல்வது உன்னுடைய அணிக்கோவை, இன்வர்ஸ் என்பது நேர்மாறு அணி. ஐகன் வேல்யூ உனக்குப் புதுசு, ஆனால் உன் பக்கத்தில் இங்கிலீஷ் மீடியத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறவளுக்கும் அது புதுசுதான். அப்புறம் கெய்லி-ஹாமில்டன் தேற்றம் என்று ஒன்று வரும், பெயரைக் கேட்டதும் பயந்துவிடாதே, அதை வைத்துக் கடைசியில் கண்டுபிடிக்கச் சொல்வது நேர்மாறு அணியைத்தான், வழி மட்டும் வேறு. இயற்பியலில் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்று போர்டில் எழுதியபோது நீ விழித்திருப்பாய். அது நிலைமத்திருப்புத்திறன், பதினொன்றாம் வகுப்பில் மனப்பாடமாகச் சொன்னவள் நீ. உனக்குத் தெரிந்த விஷயத்துக்கு இங்கே வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயர் தெரியாமல் நீ உட்கார்ந்திருக்கிறாய், அதற்குள் சார் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். இதைப் போய் மண்டையில் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறாயே, படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, என்னிடம் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு நான் வருடா வருடம் சொன்னது. நம் மாநிலப் பாடப்புத்தகம் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒன்றுதான். பாடமும் அதே, எடுத்துக்காட்டுக் கணக்கின் எண்ணும் அதே. இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை இரண்டு மொழியிலும் இறக்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. நீ ஏற்கெனவே போட்ட கணக்கு என்பதால் அர்த்தம் தேட வேண்டியதில்லை, வார்த்தை மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஒரு நோட்டில் இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் இங்கிலீஷ் என்று எழுதிக்கொண்டே வா. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை போதும், டிசம்பர் முடிவதற்குள் வகுப்பு வேறு மாதிரி கேட்கும். இங்கிலீஷில் சரளமாகப் பேசுவது வேறு வேலை, அது மெதுவாக வரட்டும். பாடம் புரிவதற்கு முதலில் தேவை அந்த முந்நூறு, நானூறு வார்த்தைகள்தான்.

மார்க் கணக்கையும் தெரிந்துகொள். நீங்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் படிக்கிறீர்கள். தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் தேர்வுக்கு 60, நூறு மார்க் பேப்பரை அறுபதாகக் குறைத்துக்கொள்வார்கள். பாஸ் ஆக மொத்தத்தில் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் 40-க்கு 23 இருந்தால் செமஸ்டர் பேப்பரில் நூற்றுக்கு 45 எடுத்தாலே போதும். இன்டர்னல் 15-தான் என்றால் அதே பேப்பரில் 59 எடுக்க வேண்டியிருக்கும். அதனால் அடுத்த டெஸ்டை விட்டுவிடாதே. அசைன்மென்ட்டுக்கும் இன்டர்னலில் நல்ல மார்க் உண்டு, அதை இங்கிலீஷில் நிதானமாக, யோசித்து எழுத உனக்கு நேரமும் இருக்கிறது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகவே கூடாது, மனசு சரியில்லை என்று ஊரில் கூடுதலாக நாலு நாள் தங்குவது அங்கேதான் இடிக்கும். ஒன்றிரண்டு அரியர் விழுந்தால்கூட உலகம் முடிந்துவிடாது, எழுதி எடுத்துவிடலாம். ஆனால் அரியர் விழுமோ என்ற பயத்தில் வகுப்புக்கே போகாமல் இருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அவர்களைத்தான் கடைசி வரை இழுக்க முடியாமல் போனது.

அந்த "கோட்டா" பேச்சு. 2021-ல் சட்டம் போட்டுப் பொறியியலுக்குக் கொண்டு வந்த ஒதுக்கீடு அது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அந்தப் பிள்ளைகளுக்குள்ளும் கட்-ஆஃப் பார்த்துத்தான் இடம். லேப் இல்லாத, ட்யூஷன் இல்லாத இடத்திலிருந்து 93 வாங்கியிருக்கிறாய். யாராவது கேட்டால் "ஆமாம், 7.5" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார். கேட்டவள் ஒருவேளை வேறு எண்ணமே இல்லாமல்கூடக் கேட்டிருக்கலாம், அறையில் உள்ளவர்களோடு பேச்சை நிறுத்திவிடாதே. மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டப் பணம் வருகிறதா என்று பார், வராவிட்டால் கல்லூரி அலுவலகத்தில் கேள், கூச்சப்படாதே. சாப்பிடாமல் மட்டும் படுக்காதே.

கேள்வி: நான் முதலாம் ஆண்டு மாணவன். ஹாஸ்டலில் சீனியர்கள் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. ஆனால் அவர்களுடைய ரெக்கார்டு நோட்டை நாங்கள் எழுதித் தர வேண்டும். இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது. இதெல்லாம் சகஜம் என்கிறார்கள். இது ராகிங்கில் சேருமா?

பதில்: சேரும் தம்பி. சீனியர்களுக்குக் கொடுத்த படிப்பு வேலையை முதலாண்டு மாணவனை வைத்துச் செய்துகொள்வது ராகிங் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2009 விதிமுறை தனியாகவே சொல்கிறது. தமிழ்நாட்டில் 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முந்தைய வருடம் சிதம்பரத்தில் ஒரு முதலாண்டு மருத்துவ மாணவன் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு வந்த சட்டம் அது. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை கொடுக்கலாம். இதையெல்லாம் நீ போய் அவர்களிடம் வாதாட வேண்டியதில்லை. உன்னோடு எழுதுகிற நாலைந்து பேர் சேர்ந்து வார்டனிடமோ ராகிங் தடுப்புக் குழுவில் இருக்கும் ஆசிரியரிடமோ சொல்லுங்கள், தனியாகப் போக வேண்டாம். அங்கே சொல்ல பயமாக இருந்தால் 1800-180-5522 என்ற எண், 24 மணி நேரமும் உண்டு. சேரும்போது நீயும் அப்பாவும் ராகிங் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தீர்களே, அதே உறுதிமொழியை அந்த சீனியர்களும் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: என் மகன் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். தினமும் மூன்று தடவை போன் செய்கிறேன். "ம்", "சரி", "வெச்சிடறேன்" இதுதான் பதில். முன்பு என்னிடம் எல்லாவற்றையும் பேசுவான். என்ன செய்வது?

பதில்: மூன்று தடவை வேண்டாம், ஒரு தடவை போதும். அவனையே நேரம் சொல்லச் சொல்லுங்கள், ராத்திரி மெஸ் முடிந்து வரும் நேரமாக இருக்கலாம். பேசும்போது டெஸ்ட் மார்க்கைக் கேட்காமல் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள், எதிர் வீட்டில் நாய் குட்டி போட்டதைச் சொன்னால் அவனும் இரண்டு வார்த்தை கூடப் பேசுவான். பெரும்பாலான பையன்கள் இந்த முதல் வருடத்தில் இப்படித்தான் ஒதுங்குவார்கள், உங்கள் மேல் பாசம் குறைந்துவிட்டது என்று நினைத்து மருகாதீர்கள். ஆனால் சாப்பாடு குறைந்திருக்கிறது, தூக்கம் இல்லை, வகுப்புக்குப் போவதில்லை என்று தெரிந்தால் போனில் அழாமல் பஸ் ஏறி நேரில் போய்ப் பாருங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்கிற மாதிரி ஏதாவது பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் மனநல ஆலோசகர்களோடு தமிழிலேயே பேசலாம், இலவசம்தான். அவனும் பேசலாம், நீங்களும் பேசலாம்.