எகிப்தில் முளைத்த டர்பன் விடுதி

வணக்கம் தம்பி. தென்னாப்பிரிக்காவின் மலிவு விடுதிக் குழுமம் ஒன்றின் கிளைகளை வரைபடத்தில் குறித்தால் டர்பன் கிளை எகிப்தில் போய் விழுகிறது, வடக்கு கேப் மாகாணத்திலோ கிளைகளே குறைவு, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலாவது வெறும் கழித்தல் குறி. டர்பனின் அட்சரேகை -29.86, தீர்க்கரேகை 31.03. தெற்கைக் குறிக்கும் அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் புள்ளி கெய்ரோவுக்கு அருகே போய் இறங்கும். நானும் ஒருமுறை பிரமிடு பக்கம் அறை வாடகைக்கு விட்டவன்தான்!

இரண்டாவதுதான் சுவையானது. மாகாணவாரியாக எண்ணாதீர்கள். வடக்கு கேப் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 சதவீதம். மக்கள்தொகையில் 2 சதவீதம் அளவுதான். ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணம் பரப்பில் மிகச் சிறியது, ஆனால் நாட்டில் நான்கில் ஒருவர் அங்கேதான் வாழ்கிறார். பரப்பை வைத்து விடுதியை எதிர்பார்ப்பது காட்டில் கடை போடுவது போல.

நெடுஞ்சாலையைப் பாருங்கள். ஹாரிஸ்மித் என்ற ஊர் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே இரவு தங்குபவர்களில் பலர் என்3 சாலையில் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே போகிறவர்கள். கிட்டத்தட்ட பாதி வழி, தேநீருக்கும் தூக்கத்துக்கும் சரியான இடம். ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் அருகிலுள்ள நெடுஞ்சாலை வெளியேறும் வழி, விமான நிலையம் இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பாகையில் அளக்காதீர்கள், டர்பன் பகுதியில் ஒரு பாகை வடக்கு தெற்காக 111 கிலோமீட்டர், கிழக்கு மேற்காகச் சுமார் 96தான்.

தூரம் அளக்க எடுக்கும் விமான நிலையப் பட்டியல் பழையதா என்றும் பாருங்கள். டர்பன் விமான நிலையம் 2010இல் நகரின் தெற்கிலிருந்து வடக்கே லா மெர்சிக்கு மாறிவிட்டது.