மியூட் செய்தால் ‘டப்’ என்கிறது: குற்றம் சவுண்ட் கார்டில் இல்லை

கேள்வி: தங்கையின் பாட்டுப் பயிற்சிக்காக, திரையில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து ஒலி உருவாக்கும் ப்யூர் டேட்டா மென்பொருளில் ஒரு தம்புரா செய்திருக்கிறேன். மியூட் பொத்தானை அழுத்தினாலும் எடுத்தாலும் ‘டப்’ என்ற சத்தம் வருகிறது. மியூட்டை எடுத்த பிறகு முன்பு வைத்திருந்த ஒலியளவு திரும்புவதில்லை. ஸ்லைடரைப் பாதிக்கு இறக்கினாலும் சத்தம் அவ்வளவாகக் குறையவில்லை. தனி சவுண்ட் கார்டு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். தம்புராவின் ஒலியலை மேலேறி நிற்கிற ஒரு கணத்தில் உங்கள் மியூட் பொத்தான் அதைப் பூஜ்யத்தால் பெருக்கிவிடுகிறது. அலை சரிந்து இறங்காமல் செங்குத்தாக விழுகிறது. அந்த விழுதல்தான் உங்கள் காதில் ‘டப்’ என்று கேட்கிறது. கணினிக்குள் வெறும் எண்ணாக இருக்கும்போதே உடைந்துவிட்ட அலையை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சவுண்ட் கார்டும் உடைந்தபடியேதான், சொல்லப்போனால் இன்னும் தெளிவாக, ஒலிக்கும். இந்த ‘டப்’பைக் காட்டியே கார்டையும் கேபிளையும் தலையில் கட்டுபவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ப்யூர் டேட்டாவோடு இலவசமாகவே வரும் உதவிக் கோப்புகளுக்கு வண்ணம் பூசி, ‘புரொஃபஷனல் மிக்சர் பேட்ச்’ (பேட்ச் என்பது இப்படி இணைத்த பெட்டிகளின் தொகுப்பு) என்று காசுக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பெட்டியின் மீதும் ரைட்-கிளிக் செய்து ‘ஹெல்ப்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே பாடம் உங்கள் கண்முன் திறக்கும்.

தீர்வு எளிது. மியூட் டாகிளிலிருந்து (அழுத்தினால் பெருக்கல் குறி தோன்றி 1 தரும், மீண்டும் அழுத்தினால் குறி மறைந்து 0 தரும் பொத்தான்) வரும் 0 அல்லது 1-ஐ ‘== 0’ என்ற பெட்டி வழியே அனுப்பித் தலைகீழாக்குங்கள்; அப்போதுதான் பெருக்கல் குறி தெரியும்போது ஒலி அடங்கியிருக்கிறது என்று பொருள்படும். அதை ‘$1 30’ என்று எழுதிய மெசேஜ் பெட்டிக்குள் விட்டு, அங்கிருந்து எண்ணைச் சீராக ஏற்றி இறக்கும் ‘லைன்~’ (line~) பெட்டிக்கும், பிறகு ஒலியைப் பெருக்கும் ‘*~’ பெட்டியின் வலது வாய்க்கும் கொண்டுசெல்லுங்கள். $1 என்பது உள்ளே வரும் எண், 30 என்பது மில்லி விநாடிக் கணக்கு. 5 போதும் என்று பலர் எழுதுவார்கள். தம்புராவுக்கு அது போதாது. ஒரு கட்டைச் சுருதியில் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், அதன் ஒரு முழு அலைக்கே 15 மில்லி விநாடி ஆகிறது. அதற்குள் ஒலியை இறக்கி முடித்தால் ‘டப்’ மெலியுமே தவிர மறையாது. இன்னொன்று: அந்த ‘~’ அலைக்குறியை மறந்துவிடாதீர்கள். குறி இல்லாத ‘லைன்’ இயல்பாக 20 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் புதிய எண்ணைத் தரும் என்பதால், ஒலி படிக்கட்டில் தடுக்கியதைப் போல இறங்கும். பெயர் ஒன்று, வேலை வேறு. புதிதாக வருபவர்களைக் குழப்புவதற்கென்றே யாரோ உட்கார்ந்து பெயர் வைத்ததைப் போல இருக்கிறது.

ஒலியளவு திரும்பாததற்குக் காரணம், உங்கள் மியூட் ஸ்லைடரையே பூஜ்யத்துக்குத் தள்ளுவதுதான். ஸ்லைடருக்கு ஒரு ‘*~’, மியூட்டுக்கு இன்னொரு ‘*~’ என்று இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒன்று மற்றொன்றைத் தொடவே கூடாது.

ஒரே ஒரு இடத்தில் இந்த முறை போதாது. கணினி திணறுகிறது என்பதற்காக, மியூட் ஆனதும் தம்புரா இருக்கும் உட்பேட்ச் (பேட்சுக்குள் இருக்கும் பேட்ச்) முழுவதையும் ‘ஸ்விட்ச்~’ (switch~) கொண்டு நிறுத்த நினைப்பீர்கள். நிறுத்தலாம், ஆனால் ஒலி இறங்கி முடிந்த பிறகு, 50 மில்லி விநாடி கழித்து ‘டிலே’ பெட்டி வழியே நிறுத்துங்கள். முன்பே நிறுத்தினால் பழைய ‘டப்’ திரும்பி வரும். அதைவிட விநோதமான ஒன்றும் உண்டு: அந்த உட்பேட்சுக்குள் எதிரொலிக்காக ஒலியைச் சேமித்துவைக்கும் ‘டெல்ரைட்~’ (delwrite~) இருந்தால், நிறுத்திய கணத்தின் ஒலி அதற்குள் அப்படியே உறைந்து கிடக்கும். பத்து நிமிடம் கழித்து மீண்டும் இயக்கும்போது, பத்து நிமிடத்துக்கு முந்தைய சுருதியின் வால் முதலில் கேட்கும். நீங்கள் இடையில் சுருதியை மாற்றியிருந்தால் தங்கை எந்தச் சுருதியில் பாடுவாள்? எனவே இயக்கும்போதும் முதலில் ஸ்விட்சைப் போட்டு, எதிரொலியின் நீளம் கழியும்வரை காத்திருந்து, பிறகே மியூட்டை எடுங்கள்.

ஸ்லைடரின் கதை காதின் கதை. எண்ணைப் பாதியாக்கினால் 6 டெசிபல்தான் குறைகிறது. காதுக்குப் பாதியாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். ஸ்லைடரின் எல்லையை 0 முதல் 1 என்று மாற்றி, வரும் எண்ணை அதனாலேயே இருமுறை பெருக்குங்கள்; பாதியில் நிற்கும்போது 0.125 கிடைக்கும், அதாவது 18 டெசிபல் குறையும். பிறகு அதையும் ‘$1 30’, ‘லைன்~’ வழியே அனுப்புங்கள். இதையெல்லாம் மென்பொருளே செய்து தந்திருக்க வேண்டும். 0 முதல் 127 வரை ஒரு வெறும் கோட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

அந்த 127-ஐ அப்படியே, டெசிபலைப் பெருக்கும் எண்ணாக மாற்றும் ‘டிபிடுஆர்எம்எஸ்’ (dbtorms) பெட்டிக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் கணக்கில் 100 என்பதுதான் முழு ஒலி. 127 என்றால் அதைப் போல 22 மடங்குக்கும் மேல். தங்கை ஹெட்போன் மாட்டியிருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம்.

கடைசியாக, பேட்சைத் திறந்ததும் ஒலியே வரவில்லை என்று பதறாதீர்கள். ‘லைன்~’ பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். பேட்ச் திறந்ததும் தானாக இயங்கும் ‘லோட்பேங்’ (loadbang) போட்டு ஸ்லைடருக்கு 0.4 கொடுங்கள், மியூட்டை ஒருமுறை போட்டு நீங்களே கையால் எடுத்துக்கொள்ளலாம்.